பந்தி முடியட்டும்

அத்தியாயம் 17

வர்ஷினி வந்து சேர்ந்தாளா இல்லையா என்று போன வாரம் முழுக்கக் கேட்டவர்களுக்கு முதலில் பதில். வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, கலைந்த தலையும் தோளில் ஒரு பையுமாக ஆனைமலைக் கல்யாண மண்டபத்துக்குள் ஓடி வந்தாள். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை கிருபாசங்கர், அக்காவைப் பார்த்ததும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சென்னிமலைக்கும் நாச்சியம்மாளுக்கும் ஒரு மகள், ஒரு மகன். மகள் வர்ஷினி கேட்டரிங் படித்தாள். படித்தவள் கோயமுத்தூரில் ஏதாவது ஓட்டலில் சேர்ந்திருக்கலாம். சேரவில்லை. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, உல்லாசக் கப்பல் ஒன்றில் கேக் செய்யும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு வருடமாகச் சென்னிமலை மகளோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதை யாராவது மூன்றாம் ஆளைப் பிடித்துச் சொல்லுவார். சொந்தம், ஒறம்பரை என்று யாராவது விசாரித்தால், "துபாயில ஓட்டல்ல இருக்கறாளுங்க" என்பார். கப்பல் என்ற சொல் அவர் வாயில் வரவே வராது.

அந்தக் கப்பல்தான் இந்த ஞாயிறு ஒரு பகல் மட்டும் கொச்சியில் நின்றது. கல்யாணமும் அதே ஞாயிறு. நாள் குறித்த ஜோசியருக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது, கப்பலுக்கு ஜோசியரைப் பற்றித் தெரியாது. இருந்தும் இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

வர்ஷினி வராமல் இருக்க முடியாது. இணைச்சீர் இருக்கிறதே! தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவள் இணையாக உட்கார்ந்து செய்யும் சீர். கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் உட்காருவாள். இருக்கிறவள் உட்காராமல் போனால் ஊர் சும்மா இருக்குமா? "அக்கா இல்லீன்னா நான் மணவறைல உக்கார மாட்டேன்" என்று கிருபாசங்கர் போன மாதமே போனில் சொல்லிவிட்டான்.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலை ஆறரைக்குக் கப்பலிலிருந்து இறங்கலாம். கார் வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் ஆனைமலை. பன்னிரண்டுக்குப் புறப்பட்டால் நாலு மணிக்குக் கொச்சி. வேலைக்காரர்கள் எல்லோரும் ஐந்து மணிக்குள் கப்பலேறிவிட வேண்டும். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். பணம் கட்டி வந்த பயணிகளுக்கே காத்திருக்காத கப்பல், கேக் செய்கிறவளுக்கா காத்திருக்கும்? தவறவிட்டால் வேலை போகும். வேலை போனால் அவள் திரும்ப வேண்டியது, மூன்றாம் ஆளை வைத்துப் பேசும் அப்பா இருக்கும் வீட்டுக்கு.

கையில் ஒரு மணி நேரம் மிச்சம். போதும் என்றுதான் நினைத்தாள்.

இணைச்சீர் நல்லபடியாக முடிந்தது. சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் சொன்னபடியெல்லாம் செய்துவிட்டு, அரக்குப் பட்டுச் சேலையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்த வர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. நாச்சியம்மாள் வெளிப்படையாகவே அழுதாள். சென்னிமலை தூரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, சரியாக இருந்த துண்டை நாலைந்து முறை சரி செய்தார்.

பதினொன்றரைக்குத் தாலி ஏறியது. பன்னிரண்டுக்கு வர்ஷினி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சேலை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கார்க்காரர் கதிரேசன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். காலையில் கொச்சிக்கே போய் அவளைக் கூட்டி வந்தவர் அவர்தான்.

"வண்டிய எடுக்க முடியலீங்க அம்மணி."

"ஏனுங்ணா?"

"அங்க பாருங்க."

கதிரேசனின் காருக்குக் குறுக்கே, மண்டபத்தின் ஒரே வழியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. அது சுந்தரராஜுலுவின் கார். பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி வைத்திருக்கும் பெரியவர் அவர். முப்பது வருடமாகச் சென்னிமலைத் தோப்புத் தேங்காய் அவர் மண்டிக்குத்தான் போகிறது. எழுபத்து நாலு வயதிலும் தன் காரைத் தானே ஓட்டுவார். நினைத்த இடத்தில் நிறுத்துவார்.

"சாவி?"

"அவரு ஜோப்புல இருக்குதுங்க. அவரு இப்பத்தான் பந்தியில உக்காந்தாருங்க."

வர்ஷினி சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினாள். கூட்டம் இலையில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றும் கட்டத்தில் இருந்தது. சுந்தரராஜுலு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பந்தி, அந்தப் பக்கம் ஒரு சம்பந்தி. எதிரே சென்னிமலை கைகட்டி நின்று, "அவியல் வையுங்க, ஐயாவுக்கு அவியல் வையுங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ராஜுலு ஐயா கார் மறைச்சு நிக்குதுங்க. சாவிய மட்டும் வாங்கித் தாங்க. கதிரேசண்ணன் தள்ளி நிறுத்திட்டு உடனே குடுத்துருவாருங்க."

சென்னிமலை அவளைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த கதிரேசனைப் பார்த்தார்.

"இலையில உக்காந்திருக்கறவரை எழுப்பச் சொல்றாளா? இன்னும் ரசமே வரலை. பந்தி முடியட்டும்னு சொல்லு."

"எழுப்ப வேண்டாங்கப்பா. சாவிதானுங்க."

"சோத்துல கைய வெச்சிருக்கற மனுசன் ஜோப்புல நாம கைய உடறதா கதிரேசா? சம்பந்தி ஊட்டுக்காரங்க பக்கத்துலயே உக்காந்திருக்கறாங்க. நாளைக்கு என்ன பேசுவாங்க? சித்த நேரம். பத்து நிமிசம்."

அவளே போய்க் கேட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போனாள். இரண்டு எட்டு வைத்தாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"இருக்கட்டுங்க. நீங்க மெதுவாச் சாப்பிடுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கப்பலில் இதே பெண், தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான மேலதிகாரியிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். ஊர் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அந்த வாய் எங்கேயோ போய்விட்டது. நாமெல்லாம் இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் இலையில் உட்கார்ந்தவரிடம், "ஒண்ணுமில்லீங்க, நீங்க சாப்பிடுங்க" என்போம்.

பெரியவர் மெதுவாகவே சாப்பிட்டார். அவளே சொல்லிவிட்டாளே! ரசம் வந்தது. ரசத்துக்கு மறுசோறு வந்தது. அதைச் சென்னிமலையே தன் கையால் வைத்தார். பாயசம் வந்தது, மோர் வந்தது. வர்ஷினி கூடத்து வாசலில் நின்று, ஒவ்வொரு பாத்திரமும் வரிசையில் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை.

கை கழுவிவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"அட, என்ன சென்னிமலை! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சு வந்திருப்பனே! நமக்குள்ள என்ன மரியாதை?"

சென்னிமலை காலையிலிருந்து முதல் முறையாக மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கார் நகர்ந்தது. கதிரேசன் வண்டியைக் கிளப்பினார். வர்ஷினி பின் சீட்டில் ஏறினாள். அப்போது முன் கதவு திறந்தது. பட்டு வேட்டியும் சந்தனமுமாகச் சென்னிமலை ஏறி உட்கார்ந்தார்.

நாச்சியம்மாள் ஓடி வந்தாள். "ஏனுங்க! மாப்பிள்ளைக்கு அப்பன், பந்தி இன்னும் ரெண்டு பாக்கி, நீங்க எங்கீங்க போறீங்க?"

"வந்தர்றேன்."

"என்னத்தச் சொல்றது ஒறம்பரைகிட்ட?"

"சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கார் மீனாட்சிபுரம் தாண்டியது. கேரள எல்லைக்குள் நுழைந்த பிறகு சென்னிமலை தொண்டையைச் செருமினார்.

"கதிரேசா, சாப்பிட்டாளான்னு கேளு."

கதிரேசனுக்கும் அவளுக்கும் இடையில் இரண்டடி தூரம். அவள் கேட்காத வார்த்தை அந்தக் காருக்குள் எதுவும் இல்லை. இருந்தும் கதிரேசன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா அம்மணி?"

"இல்லீங்ணா. பசிக்கலை."

"பசிக்கலைங்கறாங்க."

சென்னிமலை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கதிரேசனிடம் நீட்டினார். கதிரேசன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை வாங்கிப் பின்னால் கொடுத்தார். வாழையிலையில் இரண்டு ஜிலேபியும் ஒரு வடையும். வர்ஷினி பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள்.

கதிரேசன் நன்றாகத்தான் ஓட்டினார். கொல்லங்கோடு, நெம்மாறா, வடக்கஞ்சேரி. குதிரான் குகைப்பாதையை விட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு நாற்பது. போகிற போக்கில் போனால் நாலே முக்காலுக்குக் கொச்சி. வர்ஷினி ஜிலேபியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். முன் சீட்டுக் கண்ணாடியில் அதை ஒருவர் பார்த்துத் திருப்திப்பட்டதை அவள் கவனிக்கவில்லை.

சாலக்குடிக்கு முன்னால் எல்லாம் நின்றது.

நாலு வழிச் சாலையில் சுரங்கப்பாதை கட்டும் வேலை. வண்டிகளை ஓரத்து மண் பாதையில் இறக்கி விட்டிருந்தார்கள். அதிலும் ஒரு கன்டெய்னர் லாரி சரிந்து நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். முன்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டி. ஐந்தே நிமிடத்தில் பின்னாலும் அப்படியே ஆகிவிட்டது. திரும்பவும் வழியில்லை.

மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று.

சென்னிமலை கதவைத் திறந்து இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே முன்னால் நடந்து போனார். தோப்பில் தண்ணீர் மடை அடைத்துக்கொண்டால் போய்ப் பார்ப்பாரே, அந்த நடை. ஒரு பஸ் டிரைவரிடம் ஏதோ கேட்டார். ஒரு லாரிக்காரரிடம் கைகூப்பினார். துண்டை எடுத்து ஆட்டி, ஒரு ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார். ஜீப்புக்காரர் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாரும் கேட்கவில்லை.

வர்ஷினியின் போன் அடித்தது. கப்பலில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பிந்து. பாலக்காட்டுப் பெண்.

"எங்கடி இருக்கே?"

"சாலக்குடி. நகரவே இல்ல பிந்து."

"சாலக்குடியா! இங்க எல்லாரும் வந்துட்டு இருக்காங்க. அஞ்சு மணிக்கு லிஸ்ட் எடுப்பாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத. யாராச்சும் கேட்டா டவுன்லதான் இருக்கான்னு மட்டும் சொல்லு."

போனை வைத்ததும் கதிரேசன் திரும்பினார். "கப்பலுக்கே ஒரு போன் போட்டு, கல்யாணத்துக்கு வந்தேன், வழியில மாட்டிக்கிட்டேன்னு சொல்லிப்போட்டா சித்த நிக்க மாட்டாங்களா அம்மணி?"

"சொன்னா இன்னும் மோசமுங்ணா. கரையில எறங்கறவங்க முப்பது கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. போகணும்னா எழுதி அனுமதி வாங்கணும். கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு நான் கேக்கவே இல்ல. லேட்டா வந்தா ஒரு தப்பு. ஆனைமலை வரைக்கும் போனேன்னு தெரிஞ்சா வேற கப்பல்லகூட எடுக்க மாட்டாங்க."

கதிரேசன் உதட்டைப் பிதுக்கினார். சென்னிமலை அப்போது வெளியே, காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நாலேகாலுக்கு வண்டிகள் ஊர ஆரம்பித்தன. அங்கமாலி தாண்டும்போது ஐந்து. இடப்பள்ளி சிக்னலில் ஐந்து இருபத்தைந்து. பிந்துவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'உன் பேர் மட்டும் டிக் ஆகல.' அப்புறம் இன்னொன்று: 'மைக்கில் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை.'

வர்ஷினி சிவப்பு விளக்கில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, எண்பத்தொன்பது. கார் ஓடும்போதாவது ஏதோ நடக்கிறது என்று இருந்தது. இப்படி நிற்கும்போது அவளால் தாங்க முடியவில்லை.

வெலிங்டன் தீவில் துறைமுக வாசலுக்கு வந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். காவலர் அட்டையைப் பார்த்தார், அவள் பட்டுச் சேலையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "வேகம், வேகம்" என்று உள்ளே விட்டார். பின்னாலேயே வந்த சென்னிமலையைக் கைநீட்டி நிறுத்திவிட்டார்.

உள்ளே, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு கப்பல் நிற்கும் மேடைக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

ஏறுபலகையை எடுத்துவிட்டார்கள். கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது. ஒரு ஆள் நீளம் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆள் நீளமானது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். பதினோரு தட்டுக் கப்பலைப் பார்த்து என்னவென்று கத்துவது?

"வர்ஷினி சென்னிமலைங்களா?"

கையில் பழுப்பு உறையோடு ஒரு இளைஞன் வந்தான். கழுத்தட்டையில் ரைஹான் என்று இருந்தது. கப்பல் கம்பெனிக்காகத் துறைமுக வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்ட் ஆபீஸ்காரன்.

"உங்க பாஸ்போர்ட்டுங்க. ஆள் வரலைன்னா கரையில குடுத்துட்டுப் போறது வழக்கம். அஞ்சே முக்கால் வரைக்கும் ஏறுபலகைய எடுக்காம வெச்சிருந்தாங்க. அதுக்கு மேல முடியலீங்க."

அவள் உறையை வாங்கிக்கொண்டாள். "இனி என்ன செய்யணும்?"

"பதறாதீங்க. இந்தப் படிவத்த நிரப்புங்க. நான் இப்பவே கப்பலுக்கு அனுப்பறேன். கேப்டன் ஏத்துக்கிட்டார்னா நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டுல கொழும்பு போயிரலாம். செவ்வாக்கிழமை காலையில கப்பல் அங்க வரும், ஏறிக்கலாம். ஏத்துக்கலைன்னா உங்க பொட்டிய அங்கிருந்து அனுப்பிருவாங்க. ரெண்டே கேள்விதான் அவரு பாப்பாரு. ஏன் லேட்டு, எங்க போயிருந்தீங்க."

வர்ஷினி பேனாவை வாங்கினாள். ஒரு நொடி யோசித்தாள். சாலை நெரிசல் என்று எழுதினாள். அது உண்மை. எங்கே என்ற கட்டத்தில் எர்ணாகுளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ரைஹான் படித்துப் பார்த்துத் தலையாட்டினான். "இது போதுங்க. டவுன்ல டிராஃபிக்குன்னா ஒத்துக்குவாங்க. போன வருசம் இப்படித்தான் ஒருத்தரைக் கொழும்புல ஏத்துனோம்."

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

வாசலுக்கு வெளியே சென்னிமலைக்கு இது எதுவும் தெரியாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கொட்டகைக் கூரைக்கு மேலே கப்பலின் மேல்தட்டுகள் மட்டும் தெரிந்தன. சங்கு ஊதியது. மேல்தட்டுகள் மெல்ல நகர்ந்தன. மகள் ஓடிப்போய் ஏறிவிட்டாள் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அவள்தான் திரும்பி வரவில்லையே!

மேலே ஆட்கள் நின்று கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதில் அரக்கு நிறத்தில் ஏதோ ஒரு துணி அசைந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார். மேலே இருந்தவர்கள் உற்சாகமாகப் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

"போயிட்டு வா கண்ணு" என்றார். முதலில் மெதுவாக. அப்புறம் உரக்க. "பதனமாப் போயிட்டு வா அம்மணி! அப்பன் மேல கோவிச்சுக்காத!"

கதிரேசன் காரிலிருந்து இறங்கி வந்து, அவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு வருடமாகத் தன் வழியாக வந்துகொண்டிருந்த பேச்சு இப்போது தன்னைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா."

சென்னிமலை திரும்பினார். துண்டு இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. மகளைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார்.

"ஏறலையா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் துண்டைக் கீழே இறக்கினார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வர்ஷினிக்கு, பாழாய்ப்போன கப்பல் போனால் போகட்டும், இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதால் போதும் என்று தோன்றியது. ரைஹான்தான் முன்னால் வந்து அவர் தோளைத் தாங்கினான்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க ஐயா. கொழும்புல ஏத்திக்குவாங்க. நான் பாத்துக்கறேன். நானும் கோயமுத்தூர்க்காரன்தானுங்க. கோட்டைமேடு."

சென்னிமலையின் முகத்தில் உயிர் வந்தது. அந்நிய ஊரில் நம் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் வராது?

"அப்படிங்களா தம்பி! நம்மூருங்களா!"

"ஆமாங்க. நீங்க எந்த ஊருங்க?"

நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்கிற கேள்விதான். ரைஹான் வேறெதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை.

"அப்பா" என்றாள் வர்ஷினி.

"இரு கண்ணு. தம்பி கேக்கறாருல்ல." அவர் ரைஹானின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஆனைமலைங்க. இன்னிக்கு என்ற பையனுக்குக் கலியாணம். இணைச்சீருக்கு இவ ஒருத்திதான் அக்கா. காலையில கப்பலை உட்டு எறங்கி நேரா மண்டபத்துக்கு வந்துட்டா. பன்னண்டு மணிக்கெல்லாம் பையத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துட்டாளுங்க. நான்தான், இலையில உக்காந்தவரை எழுப்பக் கூடாது, பந்தி முடியட்டும்னு நிறுத்திப்போட்டேன். தப்பு அவ மேல இல்லீங்க. எம்மேலதானுங்க தம்பி."

ரைஹான் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. இன்னொரு கையில் இருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு வர்ஷினியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இதக் கேக்காமலே இருந்திருக்கலாங்க" என்றான் மெதுவாக.

"ஏனுங்க தம்பி? அதையும் அதுல எழுதிக்குங்க. அப்பன்தான் காரணம்னு எழுதுங்க. வேணும்னா நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

ரைஹானின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

"கப்பல்லருந்துங்க."

"எடுங்க தம்பி. எடுத்து நெசத்தச் சொல்லுங்க. என்ற புள்ள மேல ஒரு தப்பும் இல்லைன்னு அவுங்களுக்குத் தெரியட்டும்."

வர்ஷினி வாயைத் திறந்தாள். இரண்டு வருடம் கழித்து மகளுக்காகப் பேச வந்திருக்கிற மனிதரை என்ன சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரைஹான் படிவத்தை இரண்டாக மடித்தான், போனைக் காதில் வைத்தான்.

"எஸ் சார்" என்றான்.